நாலாவது மூலை

என் மேசை இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் செத்துப்போன பேட்டரிகளுக்கும் நடுவே ஒரு காப்புக் கயிறு கிடக்கிறது. மஞ்சள் போய், பழுப்பேறி, முறுக்கு விறைத்துப்போன கயிறு. முகர்ந்தால் சாவிகளின் இரும்பு வாடைதான் வரும். மாமாவின் வலது மணிக்கட்டில் பல வருடம் கிடந்தது அது. இற்றுப்போகும் இடத்தில் புது நூல் சேர்த்து முறுக்கிக்கொள்வாரே தவிர, ஒரு நாளும் கழற்றியதில்லை. தங்கச் சங்கிலியைக்கூட யாரும் இப்படிக் காபந்து பண்ணமாட்டார்கள் என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. குனோங் ராபாட்டிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் எங்கள் தோட்டம் இருந்தது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், சாயங்காலம் அம்மன் கோயில் பூசாரி. திருவிழாவுக்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றி நடந்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் புதைத்து எல்லை கட்டுவார். அப்போது கையில் ஏறுவதுதான் காப்பு. அதற்குப் பிறகு தோட்டத்து ஆள் பகலில் ஈப்போ போகலாம், படம் பார்க்கலாம். ஆனால் பகலோ ராத்திரியோ எல்லைக்கு வெளியே தூங்கக்கூடாது. திருவிழா முடிந்ததும் மாமா வந்த வழியே திரும்ப நடந்து எல்லையை அவிழ்ப்பார். காப்பு கழன்று ஆற்றில் போகும். அப்புறம் எவனும் எங்கேயும் படுத்துக்கொள்ளலாம்.

கடைசி வருடம் அது நடக்கவில்லை. நிலம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கைமாறியிருந்தது. காலி செய்யச் சொன்ன நாள் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்ததை யாருமே கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அம்மனை லாரியில் ஏற்றிப் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வந்த புதுப் பூசாரி மிச்சத் திருவிழாவை ஒரு குறையுமில்லாமல் நடத்தி முடித்தார். மாமா மூலைகளைத் தேடித் திரும்பி வந்தபோது சுற்றிலும் தகரம் அடித்து ஆள் நின்றது. கட்டியது கட்டியபடியே கிடந்தது.

நாங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனோம். அங்கே அம்மா கண் விழித்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் முதலில் காலைக் கழுவுவாள். செம்மண் அப்பியிருக்கிறதாம். மூன்றாவது மாடியில் ஏது செம்மண் என்று கத்துவேன். அவள் கழுவிக்கொண்டேயிருப்பாள். தண்ணீர் எந்த நிறத்தில் ஓடியது என்று நான் குனிந்து பார்த்ததில்லை. அவள் சாகும்வரை பார்க்கவில்லை.

மாமா எங்களோடு வரவில்லை. தோட்டம் வரிசை வீடுகள் நிறைந்த தாமானாக மாறி, வாசலில் தடுப்புக் கம்பி வந்ததும், அங்கேயே ஜாகா வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இரவெல்லாம் காவல், மதியம் காவல் கூண்டுக்குப் பின்னாலிருந்த அறையில் தூக்கம். வேறு நல்ல வேலை பார்த்துச் சொன்னால் சிரிப்பார். மகளைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்தார். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பினால் கல்யாணத்துக்கு நேரம் போதாது என்று தாலி கட்டுவதைப் பார்க்கவே போகவில்லை. பேரன் பிறந்தபோதும் போகவில்லை. அந்தப் பெண் போனில் அழுததை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு மாமாமேல் வெறுப்பே வந்தது.

எல்லையைப் பற்றி அவரோடு வாதாடியது கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய அப்பா லுமுட் பக்கம் பிறந்தபோது அந்தக் கரை பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்ந்த வெள்ளைக்காரன் காலனி. பிறகு நம் பேரா மாநிலத்துக்கே திரும்பி வந்தது. மனுசன் வீட்டைவிட்டு நகராமலே வேறு ஆட்சிக்குள் வந்துவிட்டார். கிரிக்குக்கு அப்பால் ஒரு காலத்தில் சயாம். சிங்கப்பூர் நம்மோடு சேர்ந்தது, பிரிந்தது, இன்று பாஸ்போர்ட் கேட்கிறது. எங்கள் தோட்டத்திலேயே பாதி கிந்தாவை விட்டுக் காம்பார் மாவட்டத்துக்குப் போயிற்று, ஒரு பலகை நட்டார்கள், முடிந்தது கதை. நாட்டு எல்லையே இப்படி நகரும்போது உங்கள் எலுமிச்சம்பழம் மட்டும் நகராதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் மேசையில உக்காந்து போட்ட கோடுலா, மருமவனே. அழிக்கவும் மேசை போதும். இது நான் நடந்து கட்டுனது."

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், ஈப்போ ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றார். எல்லை அவிழாமல் வெளியே படுத்தால், தூங்குகிறவன் தூக்கத்திலேயே மூலைக்குத் திரும்பி நடப்பான் என்றார். அப்படியானால் அவிழ்த்துத் தொலையுங்கள், நானும் கூட வருகிறேன் என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் கூட வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லையாம்.

மறுநாள் உச்சி வெயிலில் என் காரில் போனோம். முதல் மூலை பெட்ரோல் நிலையத்தில், டயருக்குக் காற்றடிக்கும் இடம். இரண்டாவது அந்த மாவட்டப் பலகைக்கடியில். மூன்றாவது தாமான் வாசலில் தடுப்புக் கம்பி ஏறி இறங்கும் இடம். அவர் காவல் இருந்ததே தான் கட்டிய மூலைமேல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் எலுமிச்சம்பழத்தை அறுத்து, அவுத்தாச்சு, போலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

நாலாவது மூலை தாமானின் கடைசி வரிசையில், ஒரு சீன ஆண்ட்டியின் வீட்டுக் கொல்லைக்குள் போயிருந்தது. எப்படிக் கேட்பது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வீட்டுக்குள்ள கால் வச்சதே இல்லலா என்று மாமாவும் தயங்கினார். மணி அடிப்பதற்குள் ஆண்ட்டியே கதவைத் திறந்து வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்து, தெரிந்தவரிடம் பேசுவதுபோல மலாயில் கேட்டார்:

"இன்னைக்கு ஏன் கேட் வழியா வர்றீங்க?"

மாமா தினமும் மதியம் வந்து கொல்லையில் நிற்கிறாராம். பேச்சுக்கொடுத்தால் பதில் இல்லையாம். பாவமாக இருக்கிறதென்று ஆண்ட்டி, அவர் நிற்கும் இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன மாடம் வைத்து, குவளையில் கோப்பியும் வைத்திருந்தார். மதியம் மாமா அறையில் தூங்குகிற நேரம் என்று எனக்குத் தெரியும். மாமா மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பழத்தை அறுத்தார். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் காப்பை நான்தான் அவிழ்த்துவிட்டேன். கட்டியிருந்த இடம் வெளிறி, குழந்தைத் தோல் மாதிரி இருந்தது.

நல்ல தண்ணி ஓடுற ஆறா பாத்து விட்டுடு, நாள் தள்ளாத என்று கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

அன்று இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு மகள் வீடே கதி என்று ஆகிவிட்டார். பேரனோடு கடலுக்குப் போய் நிற்கும் படத்தை அனுப்புவார், பார்த்து எனக்குக் கண் கலங்கும். நானும் ஆறு தேடாமல் இல்லை. இங்கே பார்க்கிற ஆறெல்லாம் தே தாரிக் பால்டீ நிறத்தில் ஓடுகிறது, அதில் விட மனசு வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற சுகம் பழகிவிட்டது. கயிறு இழுப்பறையிலேயே தங்கிப்போனது.

போன மாதம் மாமா சிங்கப்பூரில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சொல்லிவிட்டு வரலாமே என்று இன்று மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அந்த ஆண்ட்டி வீட்டுக்குப் போனேன். மாடம் அப்படியே இருந்தது. கோப்பியில் ஆவி வந்துகொண்டிருந்தது. மாமா இறந்ததைச் சொன்னேன். வருத்தப்பட்டார். கயிற்றை அவிழ்த்த நாளோடு அவர் வருவது நின்றுவிட்டதென்றார். பிறகு கோப்பி யாருக்கு என்று கேட்டேன்.

ஆண்ட்டி என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"உனக்குத்தான். இன்னைக்கு ஏன் கேட் வழியா வந்தே?"

எப்படிக் காரோட்டி வீடு வந்தேன் என்று தெரியாது. பயந்துதான் போயிருக்கிறேன், அதை மறைப்பானேன். நேராகப் போய் இழுப்பறையைத் திறந்தேன். சாவிகளுக்கு நடுவே கயிறு அங்கேயேதான் கிடந்தது. எடுத்தேன். விரலெல்லாம் புது மஞ்சள் ஒட்டியது.