பாதிக் கறுப்பாய் விழுந்த படங்கள்

சௌல்தாரி ஊரில் எடுத்த அந்தக் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே என் கேமரா சரியில்லை என்று எனக்குத் தெரியும். அன்று அந்த வீட்டாரிடம் நான் சொன்னது வேறு.

சுனாமிக்கு அடுத்த வருடம், எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் இருந்த என் சிறிய ஸ்டூடியோவுக்காக வாங்கிய டிஜிட்டல் கேமரா அது. ஏழு வருடம் உழைத்த பிறகு, பாம்பூபிளாட் ஊரில் ஒரு பிறந்தநாள் விழாவில் முதல்முறை கோளாறு காட்டியது. இரண்டு படங்களில் கீழ்ப்பாதி கறுப்பு. ஷட்டர் சிக்கிக்கொள்கிறது என்று புரிந்தது. மறுநாள் ஒழுங்காக ஓடியதும் மறந்துவிட்டேன். மறந்ததுபோல இருந்தேன் என்பதே சரி.

ஆல்பம் வேலையைக் கம்ப்யூட்டரில் என் மனைவிதான் செய்வாள். "ஏங்க, கேமரா பாடியை மட்டும் மாத்துங்க. லென்ஸெல்லாம் இதே போதும்" என்று பலமுறை சொன்னாள். சீசன் முடியட்டும், புது மாடல் வரட்டும் என்றேன். மெயின்லேண்டுக்கு ரிப்பேருக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும், அதுவரை எதை வைத்துப் படமெடுப்பது என்றும் கேட்டேன். உண்மையில் எனக்குப் பயம். எல்லார் கையிலும் போன் கேமரா வந்துகொண்டிருந்தது. இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் புதிதாக ஒன்றை வாங்க மனம் துணியவில்லை.

அப்போதுதான் அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சுனாமியில் கணவரையும் வீட்டையும் பறிகொடுத்துவிட்டு, மகளோடு சௌல்தாரிக்கு வந்திருந்தார்.

"எங்க கல்யாண போட்டோ, இவ சின்னப்புள்ளயில எடுத்தது, ஒண்ணுமே இல்ல தம்பி. இதுதான் எங்க வீட்டு மொத ஆல்பம்" என்றார்.

நான் தலையாட்டினேன். யாரிடமாவது வேறு கேமரா இரவல் கேட்கலாமா என்று யோசித்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கியபோது தொடர்ந்து எட்டுப் படங்கள் எடுத்தேன். கூட்டம் நெருக்கியது. பந்தி நடக்கும்போதுதான் ஸ்கிரீனைப் பார்த்தேன். எட்டிலும் முகங்கள் இருந்தன. தாலி கட்டும் கைகள் இருக்கவேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

அந்த அம்மாவிடம், ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கி விளக்கு மங்கியதில் தாலி கட்டும் படங்கள் சரியாக வரவில்லை என்றேன். அவர் நம்பிவிட்டார். ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தவர் அவருடைய கொழுந்தனார். அந்த அம்மா எல்லார் முன்னாலும் அவரைக் கடுமையாகப் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டிலும் அதையே சொன்னேன். என் மனைவி அந்தப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கரண்டால வந்ததில்லையே" என்றாள். நான்கு நாள் கழித்து, உண்மையைச் சொல்ல சௌல்தாரிக்கு பஸ் ஏறினேன்.

அந்த அம்மா நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?"

"ஆமாக்கா."

"நான் பேசுன பேச்சுல கொழுந்தனாரு இந்தப் பக்கமே வரல. அவருகிட்டயும் நீங்களே போயி சொல்லிருங்க" என்றார்.

கொழுந்தனார் பாக்குத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். சொன்னேன். "டீக் ஹை" என்றார். இந்தத் தீவில் எல்லார் வாயிலும் வரும் இந்தி அது; சரி என்றுதான் பொருள். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த பாக்கைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த எட்டில் ஒன்றை, முகங்கள் மட்டும் தெரியும்படி வெட்டி ஆல்பத்தில் வைத்தோம். அந்த அம்மா வாங்கிக்கொண்டார், என் முன்னால் பிரித்துப் பார்க்கவில்லை.

அதே வாரம் புது பாடிக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். கப்பலில் வந்து சேர்ந்தது. நல்ல கேமரா, மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக எடுத்தது. ஆனால் அதோடு போன முதல் கல்யாணத்தில், ஒவ்வொரு படத்துக்கும் ஸ்கிரீனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலை மாற்றியதைத் தவறவிட்டேன். திரும்பவும் ஒருமுறை மாற்றச் சொல்லி எடுத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே மாற்றினார்கள். எடுத்ததும் மறுபடியும் ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தேன்.