நாலு மணிக்கு நாங்கள் வீட்டில் இல்லை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, தினமும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை நாங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தோம். வெளியே எங்கும் போய்விடவில்லை. முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அம்மாவும் நானும் அடுப்படியில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். தும்மல் வந்தால் பாவாடையை மூக்கில் அழுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கலையில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம் அது. பினாங்கு துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாதிச் சம்பளத்துக்கு ஒரு கிராணி வேலை கிடைத்தது. குடும்பத்தோடு தங்க அங்கே வீடு தரமாட்டார்களாம். அதனால் அவர் மட்டும் போனார். சுங்கை பினாங்கில் வரிசை வீடு ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். மாதம் ஒருமுறை சம்பளத்தோடு வந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார்.

போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். வாடகை, அரிசி, சீனி, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம், ஊருக்கு அனுப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அப்பாவின் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை.

எங்கள் தெருப் பெண்களுக்கு நாலு மணி என்பது ஊர் சுற்றும் நேரம். சமையல் முடிந்து, ஆண்கள் திரும்பி வருவதற்குள் ஒரு வீட்டில் நுழைந்து இன்னொரு வீட்டில் வெளிவருவார்கள். வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்புவது அம்மாவால் ஆகாத காரியம். வெறும் தண்ணீரை நீட்டவும் மனம் வராது. காப்பி என்றால் ஆளுக்கு இரண்டு கரண்டி சீனி. வருகிறவர்கள் பிள்ளைகளையும் இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டுவருவார்கள். முதல் மாதம் இருபதாம் தேதிக்குள் சீனி தீர்ந்துபோயிற்று. இரண்டாவது மாதத்திலிருந்து நாங்கள் வீட்டில் இல்லை.

முதலில் கதவைத் தட்டினார்கள். பிறகு தட்டுவது குறைந்தது. கொஞ்ச நாளில் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் பேச்சுக்குரல் மட்டும்தான் கேட்கும். யார் வீட்டில் என்ன சிரிப்பு என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு நரகமாக இருந்தது. அம்மாவோடு பேசக்கூடாது, அம்மாவும் பேசமாட்டாள். பக்கத்தில் ஆள் இருந்தும் அத்தனை தனியாக நான் பிற்காலத்தில்கூட இருந்ததில்லை.

விடாமல் வந்தவர் ஒருவர்தான். பின் தெருவில் இருந்த பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. அம்மா கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர்தான் துணை. நான் பிறந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்து பார்த்துக்கொண்டாராம். வந்தால் முதல் வேலையாக என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவார். நான் கதவைத் திறக்க ஆசைப்பட்டது அவருக்காகத்தான். அவர் வாரம் ஒருமுறையாவது வந்து, இரண்டு தட்டு தட்டி, "தங்கச்சி" என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். அவர் போனபின் அம்மா எந்த வேலையையும் உடனே தொடமாட்டாள்.

அன்றும் இரண்டு தட்டு கேட்டது. தங்கச்சி என்று கூப்பிட்டார். நாங்கள் வழக்கம்போல அசையவில்லை. ஆனால் காலடிச் சத்தம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவோடு வாயை வைத்துப் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"கோப்பி ஒன்னும் வேணாம் தங்கச்சி. சும்மா மொகத்தப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

நான் எழுந்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். வலித்தது. அவள் முகம் சிவந்திருந்தது. பெரியம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தேதான் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது எழுந்துபோய்த் திறந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அம்மாவுக்கு அந்த வெட்கம் பெரிதாகப் போயிற்று. பெரியம்மா இன்னும் சிறிது நேரம் நின்றார். எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு போய்விட்டார்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தோம். வாசலில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. மூடியைத் திறந்தேன், முக்கால் டின் சீனி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி யார் வந்தாலும் கதவைத் திறக்கலாம் என்று குதித்தேன். அம்மா டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின் தெருப் பக்கமே பார்த்தாள்.

"காலையில மொத வேலையாப் போயி அக்காளப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

காலையில் போனோம். அந்த வீடு பூட்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி எங்களை அதிசயமாகப் பார்த்தாள். பெரியம்மாவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கரி தூக்கியவர். நாலு மாதமாக வேலை இல்லையாம். சர்க்கார் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பெயர் கொடுத்து, அன்று விடியற்காலை மூட்டையோடு கப்பலுக்குப் போய்விட்டார்களாம். வீட்டில் மிச்சமிருந்த சாமான்களை முந்தின நாள் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்களாம். தெரு முழுக்கத் தெரிந்த செய்தி எங்களுக்கு மட்டும் தெரியாது. நாங்கள்தான் வீட்டில் இல்லையே.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அங்கே நின்ற ரிக்ஷாவில் ஏறிவிட்டாள். அம்மா ரிக்ஷாவில் ஏறி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் நோட்டில் ரிக்ஷாவுக்குக் கட்டமே கிடையாது. துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது ஊருக்குப் போகிறவர்களையெல்லாம் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கப்பல் கரையைவிட்டுத் தள்ளிக் கடலில் நின்று புகைவிட்டது. மேல்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு சனம். யார் யார் என்று ஒன்றும் தெரியவில்லை. ஊதல் ஊதியது. அம்மா வாய்க்குள்ளேயே அக்கா, அக்கா என்று சொன்னாள். அந்தச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பெரியம்மா எந்தப் பக்கம் இருந்தாலும் கண்ணில் படட்டும் என்று நான் கப்பல் முழுவதற்கும் கையை ஆட்டினேன்.

திரும்பி நடந்தே வந்தோம். வழியில் எனக்கு ஒரு சந்தேகம்.

"ரிக்ஷாவுக்குப் பத்துக் காசு கொடுத்தோமே, அத எந்தக் கட்டத்துல எழுதுறதும்மா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். நானாகவே அதை 'ஊருக்கு' என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன்.

மறுநாள் நாலு மணிக்கு அம்மா கதவைச் சாத்தவில்லை. விரியத் திறந்துவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டிப் போகத் தெரு பழகிவிட்டிருந்தது.

மாதக் கடைசியில் அப்பா வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். சீனிக் கட்டத்தில் நான் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தேன்.

"அட, பரவால்லையே. இந்த மாசம் சீனிக்குச் செலவே இல்ல" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து அப்பாவுக்குக் காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி போட மறந்துவிட்டாயா என்று கேட்டார். சீனி இல்லை என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கப்போனேன். அலமாரியில் முக்கால் டின் சீனி அப்படியே இருந்தது. ஒரு மாதமாக நாங்கள் கசப்புக் காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா அதில் ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. என்னையும் எடுக்கவிடவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாவுக்குச் சிக்கனம் முற்றிப்போய்விட்டது, இப்போது அப்பாவிடமிருந்தே மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.