கையில் பிடித்த கடைசி ஆடு

கன்னியப்பன் இன்று விடியற்காலை போய்விட்டான். ஊரூர் குப்பத்தில், அவன் வீட்டுப் பாயில்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் பேசுகிறேன், இந்தப் போன் எழுதுகிறது...

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மயிலாப்பூரில் பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடந்த வருஷம். குப்பத்துப் பொடிப் பசங்கள் நாங்கள் எங்கே போவது? கவிழ்த்த படகு நிழலில் மணலில் கட்டம் கீறி ஆடு புலி ஆட்டம். சிப்பிதான் ஆடு.

ஆடுகள் சேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஜெயிப்பு. ஆனால் வீட்டு ஆள் கடலில் இருந்தால் எங்கள் குப்பத்தில் கடைசி ஆட்டை வைக்க மாட்டோம். கையில் பிடித்துக்கொண்டு "வழி உட்டேன்" என்போம். புலிக்கு வழி அடைத்தால் கடலில் இருப்பவனுக்கும் அடைபடுமாம்.

ஒருநாள் கன்னியப்பன் ஜெயிக்கிற குஷியில் கடைசி ஆட்டை வைத்துவிட்டான். அவன் நைனா கடலில்.

நைனா திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் ஆட்டைத் தொடவில்லை. கிழவனான பிறகும் புலிதான். கட்டத்தைப் பார்க்க மாட்டான், என் கையைப் பார்ப்பான்.

"இன்னாடா தயங்குற... இங்கதான வெக்கப் போற?"

அங்கேதான் வைக்க இருப்பேன்.

போன மாதம் அவன் பேரன் அதே ஆட்டத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனான். இவன் புலி, போன் ஆடு.

"இதுக்குக் கை எங்கடா கீது? எத்தப் பாத்து ஆடுறது?"

"அது கணக்குப் போட்டு ஆடுது மச்சி."

ஒவ்வொரு புலியாக அடைத்துக்கொண்டே வந்தது. "வழி உடச் சொல்லுடா" என்றான். யாரிடம் சொல்வது... கடைசி ஆட்டையும் வைத்துவிட்டது.

எழுந்து கரைக்குப் போய் உட்கார்ந்தான். சோறு தண்ணி இல்லை. நானும் கூடவே.

சாயங்காலம் பேரனின் போட் வந்தது. கூடை நிறைய சங்கரா மீன், வாயில் சிரிப்பு.

கன்னியப்பன் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வழிய அடைச்சும் வந்துட்டான்டா... அப்போ நைனா... அது நான் இல்லியா?"

"நீ இல்லடா."

அந்த வயசில் அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

இன்று சாயங்காலம் அவன் குழியில் எல்லாரும் மண் போட்டார்கள். நானும் போட்டேன். இன்னொரு கையில் ஒரு சிப்பி வைத்திருந்தேன். அதைப் போடவில்லை.

வழி விட்டேன், போடா கன்னியப்பா...

அந்தப் படகு நிழலில் ஆடினவர்களில் இனி ஏகாம்பரம் ஒருத்தன். நான்.