மாமாவின் சிறுநீரகக் கல்

சிறுநீரகக் கல்லில் உப்பை இறுக்கிப் பிடித்து வைக்கும் புரதங்களைத்தான் நான் ஆராய்கிறேன். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமாவுக்கு ஒரு கல்லை எடுத்தார்கள். கழுவாமல் அப்படியே வைக்கும்படி அத்தையிடம் போனில் கெஞ்சியிருந்தேன்.

இன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறி மம்சாபுரம் போனேன். அத்தை பால்கோவா டப்பாவில் கல்லைக் கொண்டுவந்து தந்தார். பளிச்சென்று இருந்தது.

"கழுவுனீங்களா அத்தே?"

"பொறவு? மூத்திரத்துல கெடந்தத ஒரு ஆளுட்ட அப்படியேவா குடுப்பாக? ப்ளீச்சிங் பவுடர்ல ஊறவச்சு, பிரஷ் போட்டுத் தேச்சேன்."

நான் தேடிப் போன புரதம் சாக்கடையில் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கியது.

கட்டிலில் படுத்திருந்த மாமா, "ஏட்டி, சொமந்த நானே இம்புட்டு அழலியே" என்றார்.

"காலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா பிள்ளைக்கு அழுதிருப்பா. இப்ப அழுக்குக்கு அழுதுகிட்டு நிக்கிறா" என்றார் அத்தை.

சிறிது நேரம் கழித்து மாமா மெதுவாகச் சொன்னார், இன்னொரு பக்கமும் ஒரு கல் இருக்கிறதாம். சொல்லிக்கொண்டே அந்தப் பக்க விலாவைத் தடவினார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பரிதாபம் பிறகுதான் வந்தது.

அந்தக் கல் கரைவதற்காக அத்தை வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் குடுக்காதீங்க அத்தே, வயித்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நல்ல மருமகள்தானே நான்?