கூட வந்தவர் கையெழுத்து

என் எலும்புக்குள் ரத்தம் போதுமான அளவு ஊறுவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ஒரு பை ஏற்றிக்கொண்டால்தான் மாட்டுங்கா ஸ்டேஷன் படியை மூச்சு வாங்காமல் ஏறி ஆபீஸ் போக முடியும். செம்பூர் கிளினிக்கில் காலையில் போய்ப் படுத்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊசி, டியூப் எல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை. கஷ்டமெல்லாம் ஃபாரத்தின் கடைசி வரியில்தான்: கூட வந்தவர் கையெழுத்து.

நான் தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் வருத்தமும் இல்லை. நெருளில் அண்ணா இருக்கிறான். கூப்பிட்டால் ஓடி வருவான். வந்தால், "தனியா இருந்து கிழிச்சது போதும்" என்று என் வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் கையோடு அழைத்துப் போய்விடுவான். அவன் வீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே உட்கார்ந்து சாக எனக்கு இஷ்டமில்லை.

முதல் நாள் கவுண்டரில் கத்தியே விட்டேன். ரத்தம் எனக்குத்தானே, கூட வருகிறவருக்கா என்று கேட்டேன். நர்ஸ் அசையவில்லை. "அப்னா கோயி லேகே ஆவோ," உன் ஆள் யாரையாவது கூட்டி வா என்று அதையே இந்தியில் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பக்கத்துப் பெஞ்சில் அதே ஃபாரத்தோடு இன்னொருத்தி முழித்துக்கொண்டிருந்தாள். கோவண்டியில் சின்ன மளிகைக் கடை. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை. என் வியாதியேதான் அவளுக்கும்.

"எனக்கு நீங்க போடுங்கக்கா, ஒங்களுக்கு நான் போடுதேன்," என்றாள்.

ரெண்டு பேர் கையிலும் ஊசி இருந்தால் யார் யாரைப் பார்ப்பது என்றாள் நர்ஸ். நியாயம்தான். செவ்வாய் அவளுக்கு, புதன் எனக்கு என்று மாற்றிக்கொண்டோம். ஆபீஸில் ரெண்டு நாள் லீவு போனாலும் போகட்டும். உறவு என்ற இடத்தில் 'சகோதரி' என்று எழுதினேன். என் தமிழும் அவள் தமிழும் ஒட்டவே ஒட்டாது. ஆனால் நர்ஸுக்கு அது தெரியாதே! ஃபேனுக்காக நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்து நம்பிவிட்டாள்.

ஒரு வருஷம் இப்படி ஓடிற்று. போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நர்ஸிடம் கெஞ்சி அவள் நேரத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டு, கோபமும் பயமுமாக ரயிலேறி கோவண்டியில் இறங்கினேன்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அரிசி மூட்டை ஓரமாகப் பாயில் படுத்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஏண்டி போனை எடுக்கலை?"

"நீங்க போங்கக்கா. எனக்குப் போதும்னு ஆயிட்டு. யாருக்காவ ஏத்திக்கிட்டுக் கெடக்கணும்? ஏன்னு கேக்க ஒரு நாதி உண்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுதாலோ உபதேசம் செய்தாலோ மசிகிற ஜன்மம் இல்லை அவள். மறுநாளுக்காக எழுதி வைத்திருந்த என் ஃபாரத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"நாளைக்கு எனக்கு. இதுல நீ கையெழுத்துப் போட்டாத்தான் ஏத்துவா. இன்னிக்கு நீ ஏத்திக்கலைன்னா நாளைக்கு உன்னால எழுந்தே வர முடியாது. உனக்குப் போதும்னா நானும் சாகணுமாடி?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"நெருள்ல அண்ணன் இருக்காருல்லா?"

"இருக்கான். கூப்பிட மாட்டேன்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஒங்ககூடப் பெரிய ரோதனை," என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் ஷட்டரை இழுத்து இறக்கிப் பூட்டினேன். சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வச்சிருங்க," என்றாள். "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"