மணி அடித்ததும் தூக்கிய கைகள்

சூரிச் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் நுழையும்போது மட்டும் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார்கள். முதல் நாள் அதைக் கண்டதும் என் மனம் குளிர்ந்துபோனது. உள்ளே சாமி இருக்கிறது என்று நினைத்து, கால் கழுவத் தண்ணீர் எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். உள்ளே சாமியும் இல்லை, சிலுவையும் இல்லை. பாய்களும் வட்டத் தலையணைகளும் யன்னலோரம் ஒரு பூச்சட்டியும் மட்டுமே. மத்தியான இடைவேளையில் வேலையாட்கள் வந்து, கண்ணை மூடித் தங்கள் மூச்சைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. இங்கே அதைத் தியானம் என்கிறார்கள். யாரையும் கும்பிடுவதில்லை, எதையும் வேண்டுவதில்லை.

நானாகப் போய் அங்கே உட்காரவில்லை, அனுப்பப்பட்டேன். ஊரில், பெரியகல்லாற்றில், என் அப்பா மோசம் போன கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. மூத்தவன் நான் இருக்கத் தம்பிதான் கொள்ளி வைத்தான். ஆண்டுத் திவசமும் நான் இல்லாமலே நடந்தது. அடுத்து வருவது ஆடி அமாவாசை. அன்றைக்கு அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் தீர்த்தம். தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதமிருந்து அந்தக் குளத்தில் முழுகி, அவருக்கு எள்ளும் தண்ணீரும் கொடுப்பார்கள். அம்மா தொலைபேசியில் அழவில்லை. "தம்பி செய்வான் மனே, செய்யமாட்டான் எண்டில்ல. ஆனா நீ இருக்கக்குள்ள அந்த மனிசன் ஒண்ட கையத்தானே பாத்துக்கிட்டு இருப்பார்" என்றா.

பொறுப்பாளர் அம்மையாரிடம் லீவு கேட்டேன். பள்ளிக்கூட விடுமுறைக் காலம், பிள்ளை உள்ளவர்களுக்குத்தான் முதலிடம் என்றார். நானும் ஒருவருக்குப் பிள்ளைதான் என்று சொல்ல என்னிடம் டொச் எனும் ஜெர்மன் மொழி போதவில்லை. "அப்பா, தண்ணீர், நான் போகவேண்டும்" என்றேன். அப்பா தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டு என் தோளைத் தொட்டார். மறுபடி கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது, கையிலிருந்த தட்டுகளும் விழுந்து நொறுங்கின. லீவு தரவில்லை. எனக்கு மனஅழுத்தம் என்று சொல்லி, அந்த அறைக்குப் போகச் சொன்னார்.

அங்கே படிப்பிக்கிறவர் நல்ல பெண்மணி, அவரைக் குறை சொல்லமாட்டேன். மூச்சு உள்ளே வருவதைப் பார், வெளியே போவதைப் பார், மனம் ஓடினால் ஏசாமல் கூட்டிக்கொண்டு வா என்பார். முடிவில் வெண்கலக் கிண்ணத்தில் மெல்லத் தட்டுவார். முதல் நாள் அந்த ஓசை காதில் விழுந்ததும் என்னை அறியாமலே எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிவிட்டேன். தீபாராதனைக்கு அடிக்கிற மணி என்றே என் உடம்பு எடுத்துக்கொண்டது. கண்ணைத் திறந்தால் என் முன்னே பூச்சட்டி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சோம்பல் முறிப்பதாக அந்தப் பெண்மணி நினைத்துவிட்டார். நல்ல பழக்கம் என்று பாராட்டி, அன்றிலிருந்து மணி அடித்ததும் எல்லாரையும் எழுந்து கையைத் தூக்கச் சொன்னார்.

என்னோடு சட்டி கழுவும் ஏறாவூர் முஸ்லிம் அண்ணரிடம், நான் காக்கா என்று கூப்பிடுகிறவரிடம், இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கழுவின சட்டியில் மறுபடி நுரை தெறித்தது. "ஆக, மூச்சு விடப் படிச்சிட்டாய்?"

"படிக்கிறன் காக்கா."

"நான் மத்தியான லுஹர் தொழப் பத்து நிமிசம் கேட்டா, சட்டி காயுதாம். ஒனக்குச் சும்மா இருக்க முக்கா மணித்தியாலம், அதுவும் சம்பளத்தோட. வாப்பாக்குத் தண்ணி குடுக்கத்தான் லீவு இல்ல. நல்ல நாடுடா தம்பி."

ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும், அந்தப் பயிற்சி வேலை செய்தது. டிராமில் நின்றபடி மூச்சைப் பார்க்கப் பழகினேன். நெஞ்சுப் படபடப்புக் குறைந்தது, நித்திரையும் வந்தது. அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. அப்பாவுக்கென்று என்னிடம் மிஞ்சியிருந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் ஆற்றிவிட்டால் நான் லீவு கேட்பதையே மறந்துவிடுவேனோ? ஒரு நாள், மனதுக்குப் பிடித்த நீர்நிலை ஒன்றை நினைக்கச் சொன்னார். மாமாங்கக் குளம் வந்தது. ஈர வேட்டியோடு படியில் நின்று, தன் தகப்பனுக்காகக் கை கூப்பிய அப்பாவும் வந்தார். "லொஸ்லாஸன்" என்றார் பெண்மணி. விட்டுவிடு என்று அர்த்தம். நான் விடவில்லை. கடைசியாக ஒரு தடவை போய் லீவு கேட்டேன், இம்முறை அமைதியாக. அம்மையார் மகிழ்ந்துபோனார். "பார், இப்போது எவ்வளவு நன்றாக இருக்கிறாய். இனி நீ போகவே தேவையில்லை" என்றார்.

ஆடி அமாவாசையன்று விரதத்தோடு வேலைக்குப் போனேன். தம்பி காலையிலேயே முழுகிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். இடைவேளையில் குசினியில் சட்டி கழுவும் குழாய்க்குக் கீழே தலையைக் குனிந்து பிடித்தேன். காலையில் மனைவி தாளில் மடித்துத் தந்த எள்ளை உள்ளங்கையில் வைத்து, அப்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டேன். அது கழிவுக் குழிக்குள் சுழன்று போனது. காக்கா பார்த்தும் பாராதவர்போல வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

ஈரத் தலையோடு அறைக்குப் போனேன். "வெளியே மழையா?" என்று கேட்டார் பெண்மணி. யன்னலில் வெயில் எரிந்தது. "யா" என்று ஆமோதித்தேன். பிறகு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து கைகளைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். அது அப்படியே தீர்த்தக்கரைச் சனம். என் கை மட்டும் மடியை விட்டு எழவில்லை.

"இன்று நீங்கள் அசையவே இல்லை, நல்ல முன்னேற்றம்" என்றார் அவர். மாமாங்கக் குளத்தில் இறங்குகிறவனுக்கு முதலில் நனைவது கால். எனக்குத் தலை மட்டும் நனைந்திருந்தது. கால் காய்ந்தபடியே சப்பாத்துக்குள் போனது.