அறுபத்தொரு பெயர்களும் ஒரு பூட்டும்

தாவ்யுவானில் காலை உணவுக் கடை நடத்தும் பெங் ஷூ-சுன், பத்தொன்பது ஆண்டுகள் மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்தவள். தொழிற்சாலை நச்சுக் கரைப்பானை நிலத்தடி நீரில் விட்டது. அந்தத் தண்ணீரைத்தான் தொழிலாளர் விடுதிக் குழாயிலும் விட்டது. அங்கேயே வேலை பார்த்த அவளுடைய தங்கை ஷூ-யிங் நாற்பத்தொரு வயதில் கல்லீரல் புற்றுநோயில் போனாள்.

பாதிக்கப்பட்டோர் சங்கத்தில் அறுபத்தொரு பெயர்கள். அதில் முப்பத்து நான்கு பேர் உயிரோடு இல்லை. ஆனால் ஒரு பெயரையும் அடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் செத்தவரின் பெயரை வாசித்தால் உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து "இருக்கேன்" என்பார்கள். கொன்றவன் கணக்கை முடித்துக்கொள்ள நாங்கள் உதவமாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம்.

தலைவர் ஃபான் ரென்-ஹோ அந்த வசந்தத்தில் செத்தார். அவர் பெயரும் அப்படியே இருந்தது, தலைவர் என்றே.

அக்டோபர் இரண்டாம் தேதி சங்கத்தின் இணையதளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. வருடா வருடம் அதை வாங்கி வந்தவர் ஃபான். இப்போது தளத்தைத் திறந்தால் சிவப்பு எச்சரிக்கை வந்தது: இந்தத் தளம் உங்கள் விவரங்களைத் திருடக்கூடும். தொழிற்சாலை மேல் போடும் இரண்டாவது நட்டஈட்டு வழக்கில் சேர விரும்பும் பழைய தொழிலாளர்கள் அங்கேதான் பதிய வேண்டும். நீதிமன்றம் கொடுத்த கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று. ஆள் பதிவேட்டைத் தொழிற்சாலை எரித்துவிட்டதால் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எட்டு வருடமாகத் துண்டுப்பிரசுரங்களில் அச்சாகிப் போன அந்த ஒரு இணைய முகவரியைப் பிடித்துக்கொண்டு அவர்களே தேடி வந்தால்தான் உண்டு. அறுபது வயதுக்காரர்கள் திருட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் தூய்மையானது என்று இன்றைக்கும் எழுதி வைத்திருக்கும் தொழிற்சாலையின் தளத்தில், பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுச் சின்னம் பளிச்சென்று இருந்தது. பொய்யைப் பூட்டி வைக்கவும் சான்றிதழ் கிடைக்கிறது.

ஷூ-சுன் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டினாள். உறுதி செய்யும் மின்னஞ்சல் ஃபானுடைய பெட்டிக்குப் போனது. கடவுச்சொல் அவரோடு போயிருந்தது. தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். சங்க முத்திரையும் பதிவில் உள்ள தலைவரின் முத்திரையும் வேண்டும், அவரே அடையாள அட்டையோடு வர வேண்டும் என்றான் ஒரு பையன்.

"அவரை எரிச்சாச்சு தம்பி. சாம்பலைக் கொண்டுவந்தா வாங்கிக்குவீங்களா?"

பையன் சிரிக்கவில்லை. "அப்ப தலைவரை மாத்துங்க அத்தை," என்றான்.

தலைவரை மாற்றப் பொதுக்குழுவில் பாதிக்கு மேல் வர வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு நகராட்சி எதையும் பார்ப்பதில்லை; தலைவர் மாற்றத்துக்கோ ஒவ்வொருவர் கையெழுத்தையும் அட்டை நகலையும் கேட்டது. அறுபத்தொன்றில் பாதிக்கு மேல் என்றால் முப்பத்தொன்று. உயிரோடிருப்பவர்கள் இருபத்தேழு. எல்லாரையும் கட்டிலோடு தூக்கி வந்தாலும் நான்கு பேர் குறை. சட்டம் செத்தவர்களை அங்கே மட்டும் எண்ணியது. நட்டஈடு கேட்டபோது எண்ணவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. குடும்பத்தார் இறப்புச் சான்று கொடுத்தால் பெயரை நீக்கலாம். அப்புறம் இருபத்தேழில் பதினான்கு பேர் வந்தால் போதும்.

ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர், தொழிற்சாலை உனக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார். ஃபானின் மனைவி மட்டும் பழச்சீவலை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வர்ற மாசம் ஆண்டுக் கூட்டத்துல அவர் பேரை வாசிக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டோம் அண்ணி."

"யாரும் 'இருக்கேன்'னு சொல்ல மாட்டீங்க."

"ஆமா."

அவள் உள்ளே போய்ச் சான்றைக் கொண்டுவந்து, தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று வாரத்தில் முப்பத்து மூன்று தாள்கள் சேர்ந்தன. முப்பத்து நான்காவது ஷூ-சுன் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதைத்தான் கடைசியாக எடுத்தாள். அளவுகோலை வைத்து ஷூ-யிங் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்தபோது, கோடு நேராக வந்ததே அவளுக்குப் பொறுக்கவில்லை.

கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் சக்கர நாற்காலியில். தலைவர் மாறினார், முத்திரை மாறியது. நகராட்சி அதைப் பதிய ஏழு வேலை நாள் எடுத்துக்கொண்டது. கடைசி நாளை நீட்டிக்கக் கேட்ட மனுவை நீதிமன்றம் ஒரே வரியில் தள்ளியது: இணையதளப் பராமரிப்பு மனுதாரரின் பொறுப்பு.

நவம்பர் நான்காம் தேதி சான்றிதழ் வந்தது. முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு.

மறுநாள் கடையில் முட்டை ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மியாவ்லியிலிருந்து லூ என்ற பெண். முலாம் பூசும் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவளாம், இப்போது வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்பாம்.

"ஒரு மாசமா திறந்து திறந்து பாக்குறேன் அக்கா, திருடன் திருடன்னே சொல்லுச்சு. இன்னைக்குத்தான் பூட்டு வந்திருக்கு. உங்க நம்பரும் இப்பத்தான் கண்ணுல பட்டுது. என் பேரை எங்க எழுதணும்?"

தேதி முடிந்துவிட்டது என்று ஷூ-சுன் சொன்னாள்.

"சரி," என்றாள் லூ. "ஆனாலும் பேரை எழுதிக்குங்க."

ஷூ-சுன் அடுப்பை அணைத்தாள். ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.